தெற்குக் கரையில் சர்க்கார் போட்ட கட்டு

இல்லை, மூக்கு எங்கள் பக்கத்து மூக்குதான். நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து வேறு மாதிரிச் சொல்லிவிடக் கூடாது. மூக்கும் நெற்றியும் எங்கள் அய்யாவுடையவை. குரல் மட்டும் மிக்கேலம்மாள் அக்காவின் குரல். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பேத்தி அழுதால் பாம்பன் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் திரும்பிப் பார்க்கிறான்.

மிக்கேலம்மாள் அக்கா எங்களுக்குச் சம்பந்தி. அவருடைய மகன் சந்தியாகுவுக்குத்தான் என் மகள் புஷ்பமேரியைக் கொடுத்திருக்கிறோம். எனக்கு ஸ்டேஷன் வாசலில் டீக்கடை. கடையில் பாதி வேலை என் பெண்டாட்டி ஜோதிமேரியுடையது, பேச்சு முழுக்க அவளுடையது. பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் பிள்ளையைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். நான் பிள்ளையின் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அக்கா அன்றைக்குச் சர்க்காரிடம் விட்டுக்கொடுத்திருந்தால் தனுஷ்கோடிக்கு அண்ணன் வீட்டோடு இருக்கப் போயிருப்பார், சந்தியாகுவும் கூடப் போயிருப்பான். அப்புறம் எங்கே கல்யாணம், எங்கே பேத்தி?

சந்தியாகு கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் அப்பா கடலில் போய்விட்டார். அவர் வைத்துவிட்டுப் போனதில் வள்ளமும் இல்லை வலையும் இல்லை. அக்காவுக்கு மிஞ்சியது தெற்குக் கரையில் ஒரு துண்டு மணல்தான். பட்டா கிட்டா கிடையாது. மாமியார் மீன் காயப்போட்ட இடத்தில் மருமகள் காயப்போடுவாள், அவ்வளவுதான் பத்திரம். காலையில் கரையேறும் வள்ளங்களில் மீன் எடுத்து, வகுந்து, உப்பு வைத்து, அந்த மணலில் பரப்பிக் கருவாடாக்கி ராமநாதபுரத்து வியாபாரிகளுக்குப் போடுவார். அது நல்ல மணல். வெயில் ஏறினதும் சுட்டுவிடும், ஈரம் நிற்காது. வேறு இடத்தில் இரண்டு நாளில் காய்கிற மீன் அங்கே ஒரே நாளில் காய்ந்துவிடும்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மணலின் தலைமாட்டில் ஒரு கம்பு ஊன்றியிருக்கும். கடலில் ஆள் தவறிப்போனாலும், கோயில் திருவிழா வந்தாலும், ஊர்த் தலைவர் அந்தக் கம்பில் பனங்குருத்தை முடிச்சுப் போட்டுக் கட்டுவார். கட்டும்போதே எதற்குக் கட்டுகிறோம், எந்த நாளில் அவிழ்ப்போம் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுவார். கட்டு இருக்கும்வரை யாரும் அந்த மணலில் மீன் போட மாட்டார்கள். சொன்ன நாளில், கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு ஒருவர் கை வைத்தால் அந்த வருஷம் முழுக்கக் கரைக்கு ஆகாது என்று நம்பிக்கை. இந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் நாங்கள். காத்தும் மழையும் மட்டும்தான் அதற்குக் கட்டுப்படாதவை.

சுதந்திரம் வந்து, டெல்லியில் புதுச் சட்டம் போட்டு, முதல் தேர்தலும் முடிந்திருந்த சமயம். ராமேஸ்வரம் போகிற ரயில் பாம்பனில் நின்றால், பெட்டியில் இருப்பவர்கள் சில நாள் மூக்கைப் பொத்துவார்கள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை நீட்டி என்னிடம் டீ வாங்குவார்கள், அதனால் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் யாரோ ஒரு பெரிய மனிதர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அப்போது இருந்த சப் கலெக்டர், தெற்குக் கரை மணலில் மீன் உலர்த்தக் கூடாது என்று தடை உத்தரவு போட்டுவிட்டார்.

உத்தரவைக் கொண்டுவந்தவன் தலையாரி மலையாண்டி. உள்ளே பரமக்குடிப் பக்கத்து ஊர்க்காரன், கடலைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பான், நல்ல பையன். தண்டோராப் போட்டான். உத்தரவை ஒட்ட வேண்டுமே, எங்கே ஒட்டுவது? கரையில் எல்லாம் ஓலைக் குடிசை. கோயில் சுவரில் ஒட்டப் பங்குச் சாமியாரிடம் பயம். சுற்றிப் பார்த்தான், மணலில் கம்பு நின்றது. காகிதத்தைக் கம்பில் சுற்றிப் பனை நாரால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சர்க்கார் உத்தரவு என்றால்கூட ஒளித்து மறைத்து நாலு மீன் போட்டிருப்பார்கள். இது கம்பில் விழுந்த கட்டு. அன்றைக்கே மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேற்கே வெகுதூரம் நடந்து, உப்பங்கழி ஓரத்து ஈர மணலில் போட்டார்கள். அங்கே காய்வதற்குள் பாதி புழுத்தது, மீதியில் காக்கை விழுந்தது. வியாபாரிகள் வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். மற்ற பெண்களுக்காவது வீட்டில் வள்ளம் இருந்தது. மிக்கேலம்மாள் அக்காவுக்கு அந்த மணல்தான் எல்லாம். ‘இன்னும் ஒரு பருவம் இப்பிடிப் போனா அண்ணன் வீட்டு அடுப்படிதான்’ என்று எங்கள் கடையில் உட்கார்ந்து சொல்லும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

மழை வந்தது. காகிதம் நனைந்து கிழிந்து கடலோடு போனது. நார்க்கட்டு மட்டும் நின்றது. யாரும் தொடவில்லை.

வாடை ஓயும்வரை பார்த்துவிட்டு அக்கா ராமநாதபுரம் புறப்பட்டார். கட்டினவரைக் கூட்டிக்கொண்டு வந்து அவிழ்க்கச் சொல்லப் போவதாகச் சொன்னார். துணைக்கு நானும் போனேன். ஆபீஸில் ஒரு குமாஸ்தா விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மாதிரித் தடை உத்தரவுக்கு ஆயுசே இரண்டு மாதம்தானாம். அது எப்போதோ செத்துவிட்டதாம். போட்டவரும் மாற்றலாகிப் போய்விட்டாராம். போய்த் தாராளமாக மீன் காயப்போடு என்றார். கட்டு அப்படியே இருக்கிறதே என்றார் அக்கா. எந்தக் கட்டு என்றார் குமாஸ்தா. அவருக்கு அதை விளங்கவைக்க எங்கள் இரண்டு பேராலும் முடியவில்லை.

புதிதாக வந்திருந்த சப் கலெக்டர் சத்தம் கேட்டு உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு, நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. அவர் பழைய காகிதக் கட்டை எடுத்துப் படித்துப் பார்த்து, எதற்காக இந்த உத்தரவு போட்டார்கள் என்று கேட்டார். அக்காவிடம் பொய் என்றைக்குமே கிடையாது.

“மீனு நாறுதுன்னு போட்டாகய்யா.”

“உண்மையாவே நாறுமா?”

“மீனுல்லய்யா அது, நாறாம என்ன செய்யும்?”

அவர் தலையை ஆட்டினார். ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினார். கட்டு அவிழப் போகிறது என்று நாங்களும் ரயிலேறி, அக்கா வழியெல்லாம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, சந்தோஷமாக வந்து சேர்ந்தோம்.

நாலைந்து நாளில் மலையாண்டி மறுபடியும் தண்டோராவோடு வந்தான். காரணம் இன்னும் அப்படியே இருப்பதாக விண்ணப்பித்த அம்மாளே ஒப்புக்கொண்டபடியால், மறு உத்தரவு வரும்வரை தெற்குக் கரையில் மீன் உலர்த்தக் கூடாது என்று புது உத்தரவு. பழைய நாருக்கு மேலேயே புது நாரைப் போட்டு இறுக்கினான்.

அன்றைக்குக் கடையில் ஜோதிமேரிக்குத்தான் நாள். அவளுக்கும் அக்காவுக்கும் அப்போது சொந்தம் கிடையாது, வாய்ப்பேச்சு மட்டும்தான் உண்டு. டீயை ஆற்றிக்கொண்டே, “செத்துப்போன உத்தரவ எழுப்பி உக்கார வச்சு, சோறும் ஊட்டிட்டு வந்திருக்கா மகராசி” என்றாள். அக்கா பதிலுக்கு, டீயில் சீனி எங்கே என்று மட்டும் கேட்டார்.

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நார் கட்டினது மலையாண்டி கை. கட்டின கைதானே அவிழ்க்க வேண்டும், அவனையே அவிழ்க்கச் சொன்னால் வழக்கமும் கெடாது, மணலும் கிடைக்கும் என்று ஒருவர் சட்டம் பேசினார். பெஞ்சின் ஓரத்தில் பன்னைத் தின்றுகொண்டிருந்த மலையாண்டிக்கு விக்கிக்கொண்டது. வேலை போய்விடும் என்று அழாக்குறையாகச் சொன்னான். அக்கா அவன் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

“பயப்படாத ஏலே, ஒன்னய அவுக்கச் சொல்ல மாட்டேன். கைதான் ஒன்னோடது. வார்த்த அவுகளோடது. வார்த்தைய விட்டுப்புட்டுக் கைய மட்டும் பிடிச்சா, அது ஊர ஏமாத்துறது.”

யோசனை சொன்னவர் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார். வேறு வழியும் ஒன்றும் தெரியவில்லை. அக்கா தனுஷ்கோடி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகப் பின்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

நெய்னா முகம்மது வக்கீலைக் கடவுள்தான் அந்த வாரம் எங்கள் கடைக்கு அனுப்பினார் என்று நான் சொல்லுவேன். அவர், திரும்புகிற ரயில் தாமதமானதால் வந்தேன் என்பார். ஏர்வாடிப் பக்கத்துக்காரர், ராமநாதபுரம் கோர்ட்டில் பேர் எடுத்தவர். ராமேஸ்வரத்தில் ஒரு கட்சிக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டீ குடிக்க உட்கார்ந்தார். ஜோதிமேரி கேலியாகக் கதையைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று பார்த்தால், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை என்றா போட்டிருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார். அக்காவைக் கூட்டி வரச் சொன்னார்.

அக்கா மீன் வெட்டின கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வக்கீல் விளக்கினார். புதுச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, எவரும் தன் தொழிலைச் செய்துகொள்ளலாம் என்று. அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது, பொது நன்மைக்காகச் சர்க்கார் நியாயமான கட்டுப்பாடு போட்டுக்கொள்ளலாம் என்று. எது நியாயமானது என்று சட்டத்தில் எழுதவில்லை. இந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் தன்னைப் போன்றவர்கள் குடும்பம் நடத்துவதாகச் சொன்னார்.

அக்கா கேட்டார், “சட்டத்தப் போடுறதே சர்க்காருதான வக்கீலய்யா? பெறகு அது எப்பிடி சர்க்காரப் பிடிச்சு நிறுத்தும்?”

“இது வேற சட்டம்மா. சர்க்காருக்கே ஒரு கட்டு போட்டிருக்காங்க. இதுவரைக்கும் போகலாம், இதுக்கு மேல போகக் கூடாதுன்னு.”

“யாரு போட்டது?”

“நம்ம எல்லாரும் போட்டதா எழுதியிருக்கு. உங்க பேர்ல, எம் பேர்ல.”

“எங்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலையே.”

“எங்கிட்டயும் கேக்கல.”

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “போகுது. நல்ல கட்டாத்தான் இருக்கு” என்றார்.

வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் போட வேண்டும் என்றார் வக்கீல். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு பெரிய வக்கீல் இருந்தார். மணலின் தலைமாட்டில் கட்டை அவிழ்க்க அதிகாரி நேரில் வர வேண்டும் என்று கோர்ட்டு சொல்லுமா என்று அக்கா கேட்டார். அதையெல்லாம் கோர்ட்டு சொல்லாது, உத்தரவு செல்லாது என்று மட்டும்தான் சொல்லும் என்றார். அக்காவுக்கு அதில் திருப்தி இல்லை. இருந்தாலும் சரி என்றார்.

அடுத்த வாரம் பிரமாணப் பத்திரத்தை எழுதி எடுத்துக்கொண்டு வக்கீலே வந்துவிட்டார். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார். பேர், ஊர், புருஷன் பேர், தொழில் எல்லாம் சரியாக வந்தது. மேற்படி இடத்தில் மீன் உலர்த்துவதால் எவ்விதத் துர்நாற்றமும் ஏற்படுவதில்லை என்று அடுத்து ஒரு வரி வந்தது. கைநாட்டு வைக்க மையில் தொட்ட விரலை அக்கா அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இத எழுதுனது யாரு?”

“நாந்தாம்மா.”

“நீங்க எங்க கரைப் பக்கம் ஒருநாளும் வந்ததே இல்லையோ?”

கடையே சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டார். ஆனால் காரியம் சிரிப்பதற்கு இல்லை என்றார். நாறும் என்று ஒத்துக்கொண்டால், பொது நன்மைக்குத்தான் தடை போட்டேன் என்று சர்க்கார் சொல்லிவிடும், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஏற்கெனவே ஒரு தடவை உண்மையைச் சொல்லித்தான் இந்த உத்தரவு வந்தது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

“நாறாதுன்னு நான் சத்தியம் பண்ணுனா அந்தோணியாரே சிரிச்சிருவாரு வக்கீலய்யா. மணலு வேணும், வேணாங்கல. அதுக்காக ஊரறிஞ்ச மீன நாறாதுன்னு சொல்லி வாங்குனா, அந்த மணல்ல எங் கை ஓடாது.”

இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை. வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். ரயில் வருகிற நேரமும் ஆகிவிட்டது. இந்தப் பெஞ்சோடு மணல் போச்சு, அக்கா தனுஷ்கோடிக்குப் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அடுப்படியிலிருந்து ஜோதிமேரி கத்தினாள். அவள் யாருக்கும் உதவி செய்ய வாயைத் திறக்கவில்லை, அக்காவை மடக்கத்தான் திறந்தாள். வருஷம் முழுக்கவா நாறுது, என்னமோ பெருமை மாதிரிப் பேசுகிறாளே என்று ஆரம்பித்தாள்.

“ஆடி அமாவாசைக்கு வாரவன் பூராம் மூக்கப் பொத்திக்கிட்டு எறங்குவான். கச்சான் காத்து தெக்க இருந்து அள்ளிக்கிட்டு வந்து எம் மூஞ்சியிலதான் போடும். தை அமாவாசைக்கு அதவிடக் கூட்டம், ஒருத்தன் மூக்குலயாச்சும் கை போகுதா? வாடைக் காத்து அம்புட்டையும் கடலுக்குல்ல கொண்டு போயிரும்? வருசம் பூராம் நாறுறதுக்கு இவ என்ன திமிங்கிலமா காயப்போடுறா?”

வக்கீல் சட்டைப் பையிலிருந்து பேனாவை மறுபடியும் எடுத்தார். ஜோதிமேரியை முன்னால் வந்து நின்று அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவளுக்கு அதற்குள் வெட்கம் வந்துவிட்டது, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பாதியைத்தான் சொன்னாள். அது போதுமாக இருந்தது. பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மீன் நாறும் என்பது உண்மை. கச்சான் காலத்தில் அது ஸ்டேஷனுக்குப் போகும், வாடைக் காலத்தில் போகாது. போகாத நாளிலும் சேர்த்துத் தடுப்பது எந்தப் பொது நன்மைக்கு? எதுவரை என்று சொல்லாமல் தடுப்பது எப்படி நியாயம்? இதற்கு அக்கா கைநாட்டு வைத்தார். ஜோதிமேரியும் தனியாக ஒரு பத்திரத்தில் வைத்தாள். பிறகு ஒரு வாரத்துக்கு அவள் யாருக்கும் சும்மா டீ கொடுக்கவில்லை, ஹைகோர்ட்டுக் கதையும் சேர்த்துத்தான் கொடுத்தாள்.

சென்னையில் நடந்ததை நெய்னா முகம்மது வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருக்கலாம். எங்களுக்காக வாதாடிய பெரிய வக்கீல் சுத்த சைவமாம். கருவாடு எந்த அளவுக்கு நாறும் என்பதை நெய்னா முகம்மதுவிடம் முந்தின நாளே கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டாராம். ஜட்ஜ் சர்க்கார் வக்கீலைப் பார்த்து, இந்தத் தடை எதுவரை என்று கேட்டிருக்கிறார். தேவைப்படும்வரை என்றாராம். தேவை தீர்ந்ததா என்று யார் சொல்வது? அந்த அதிகாரிதான். அப்படியென்றால் இந்த அம்மாளின் பிழைப்பு அந்த அதிகாரியின் மூக்கில் இருக்கிறதா என்று ஜட்ஜ் கேட்டாராம். கோர்ட்டில் சிரித்தவர்களை டவாலி அதட்ட வேண்டியிருந்ததாம்.

தீர்ப்பு இப்படி வந்தது. சர்க்கார் ஜனங்களின் நன்மைக்குக் கட்டுப்பாடு போடலாம், அந்த அதிகாரம் உண்டு. ஆனால் தொல்லை எந்த அளவோ அந்த அளவுக்குத்தான் போடலாம், காரணமும் காலமும் இல்லாமல் ஒருவர் தொழிலை மூடிவைக்க முடியாது. மறு உத்தரவு வரும்வரை என்கிற உத்தரவு செல்லாது.

வக்கீல் சொல்லி முடித்ததும் கடையில் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடுவார் என்று நினைத்தோம். அவர் அசையவில்லை. உத்தரவு போச்சு, சரி, கட்டு இன்னும் இருக்கிறதே என்றார். நெய்னா முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். ஹைகோர்ட்டே அவிழ்த்த பிறகு இந்த நாரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அக்கா கேட்கவே இல்லை. கோர்ட்டு சர்க்காருக்குச் சொன்னது, கம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றார்.

வக்கீல் அலுத்துக்கொண்டே போனார். ஆனால் போனவர் சும்மா இருக்கவில்லை, சப் கலெக்டரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். தீர்ப்பின்படி புது உத்தரவு போடுவதற்கு முன்னால் இடத்தையும் காத்தையும் ஒருமுறை நேரில் பார்த்தால் நல்லது என்று சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னாராம். சப் கலெக்டர் காலை ரயிலில் வந்து இறங்கினார். எங்கள் கடையில் டீ குடித்துவிட்டு, மணலுக்கு நடந்தார். பின்னால் மலையாண்டி, அவன் பின்னால் ஊர்.

கம்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னார். சப் கலெக்டருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தோற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை, நான்தான் அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டார். வார்த்தை அவர் உட்காரும் நாற்காலியுடையது, கை மலையாண்டியுடையது, இரண்டும் சேர்ந்து வந்தால் போதும் என்றார் அக்கா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டை அவிழ்க்கும்படி மலையாண்டிக்கு உத்தரவு போட்டார்.

போட்டால் மட்டும் ஆகிவிடுமா? உப்புக்காத்து பட்டு நார் இரும்பாகியிருந்தது. நகத்தால் பார்த்தான், பல்லால் பார்த்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், அறுக்கக் கூடாது, அவிழ்க்க வேண்டும் என்றார்கள். ஒருத்தி வலை முடிகிற ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஊசியை நுழைத்து நெம்ப நெம்ப, கம்பு ஆடியது. அவன் பொறுமை இழந்து, யார் நிற்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டான்.

“கம்ப ஆடாமப் பிடிங்கய்யா” என்றான் சப் கலெக்டரைப் பார்த்து.

அவரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால்சட்டையெல்லாம் மணல். மேல் கட்டு அவிழ்ந்தது, அடிக் கட்டும் அவிழ்ந்தது. நாரை மலையாண்டி தூக்கிக் காட்டினான்.

அவர் அங்கேயே நின்று தம் புது உத்தரவைத் தமிழில் வாசித்தார். ஆடி அமாவாசைக் கூட்ட நாட்களில், கச்சான் அடிக்கும்போது மட்டும், ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் சிரமத்தை உத்தேசித்து, மணலின் வடக்குப் பாதியில் மீன் போடக் கூடாது. கூட்டம் கலைந்த மறுநாள் தடை நீங்கும். வாசித்துவிட்டு அக்காவைப் பார்த்து, இது சரியா என்று கேட்டார். அக்கா தலையை ஆட்டினார். எதற்கு என்றும் எதுவரை என்றும் சொல்லிவிட்டதால் இது நியாயமான கட்டு என்றார். சொன்னபடி இன்றுவரை அந்த நாட்களில் அக்கா ஒரு நெத்திலியைக்கூட அங்கே போட்டதில்லை.

அன்று மத்தியானம் சப் கலெக்டர் ரயில் ஏறும்போது அவர் கையில் ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு இருந்தது. அது ரயில்பெட்டியில் இருந்த மற்றவர்களுக்கு நியாயமாக இருந்ததா என்று தெரியவில்லை.

அக்கா தனுஷ்கோடிக்குப் போகவில்லை. சந்தியாகு இங்கேயே வளர்ந்தான், வள்ளத்தில் ஏறினான், எங்கள் கடையில் டீ குடித்தான். அவன் டீ குடிக்கும் நேரமெல்லாம் புஷ்பமேரிக்கும் கடையில் வேலை இருந்ததை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். ஜோதிமேரி முதலில், அந்த வாய்க்காரி வீட்டிலா என் மகளைக் கொடுப்பேன் என்றாள். அக்கா, ஜோதி வாய் இல்லாவிட்டால் எனக்கு மணலே இல்லை, அதே வீட்டில்தான் பெண் எடுப்பேன் என்றார். கோயிலில் கல்யாணம் ஆனது. மலையாண்டி பந்தலுக்கு ஓலை கட்டினான். கட்டினவனே அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவனை நிறுத்தி, மறுநாளும் சாப்பிட வைத்தார்கள்.

புஷ்பமேரி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். போன ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கும்போது பேத்தி பிறந்தாள். அன்றிலிருந்து நான் கடையில் போடுகிற டீயில் சீனி கூடிவிட்டதாக எல்லாரும் சொல்லுகிறார்கள்.

பிள்ளைக்கு நேற்று இரண்டு தும்மல் வந்தது. உடனே ஜோதிமேரி சட்டம் போட்டுவிட்டாள். கருவாட்டு வாடையோடு யாரும் பிள்ளைக்குப் பக்கத்தில் வரக் கூடாது, வருகிற ஞாயிறு ஞானஸ்நானம் முடிகிறவரை தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். பேர் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குக் கருவாட்டு வாடையோடு வருகிறவர் ஒரே ஒருவர்தான்.

இன்று காலை அக்கா மணலில் மீனைப் பரப்பிவிட்டு நேராக வந்தார். முற்றத்தில் நின்று ஜோதிமேரி சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார். தென்னை ஓலையெல்லாம் தெற்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முறத்தைக் கவிழ்த்துப் போட்டு முற்றத்தின் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“நியாயந்தான் ஜோதி, நான் நாறத்தான் செய்யுறேன். எதுக்குன்னும் சொல்லிட்ட, எதுவரைக்குன்னும் சொல்லிட்ட, கட்டுப்படுறேன். ஆனா இன்னைக்கு வாடைக் காத்து. எந்தக் காத்துல வாட எங்கிட்டுப் போகும்னு ஹைகோர்ட்டுக்கே கைநாட்டு வச்சுக் குடுத்தவ நீதான். நான் இங்கனயே உக்காந்துக்கிறேன், நீ பிள்ள மொகத்த மட்டும் எம் பக்கமாத் திருப்பிப் பிடி.”